கொந்தோர்: வெள்ளைக்காரர் இல்லாத இங்கிலீஷ்

"என் தமிழே அரைகுறை. இதுல பிள்ளைக்கு நான் எங்க சொல்லிக்கொடுக்கிறது?"

நம்மில் இதைச் சொல்லாத அம்மா அப்பா குறைவு. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் காத்திருக்கும்போது கேட்கலாம், பிறந்தநாள் விருந்தில் கேட்கலாம். வீட்டில் தமிழைக் கேட்டு, வெளியே இங்கிலீஷில் வளர்ந்த தலைமுறை நாம். புரியும், பேசவும் வரும், ஆனால் நடுவில் திக்கும். நம்மிடம் இருப்பதே அரைப்பங்கு, அதில் பிள்ளைக்கு என்ன பங்கு போடுவது என்று ஒரு தயக்கம். போன வருஷம் கிழக்கு ஜாவாவுக்குப் போய் வந்த பிறகு, இந்தப் பேச்சு வந்தாலே எனக்கு ஒரு ஊர் ஞாபகம் வருகிறது.

ஊர் பெயர் கொந்தோர். பொனொரோகோ மாவட்டத்தில் ஒரு கிராமம். சுரபாயாவில் விமானம் இறங்கி, மடியுன் வரை டோல் ரோடு, அப்புறம் தெற்கே சாதாரண ரோடு. மொத்தம் நாலு மணி நேரம் பிடிக்கும். வழியெல்லாம் நெல்லும் கரும்பும்தான். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு தடவையாவது பாட்டி வீட்டுக்குப் போனவர்களுக்கு அந்நியமாகவே தெரியாது. என்னுடன் வேலை பார்க்கும் சுரபாயாக்காரத் தோழி, அவளுடைய அக்கா மகனைப் பார்க்கப் போனாள். நானும் தொற்றிக்கொண்டேன். பையன் அங்கே விடுதியில் தங்கிப் படிக்கிறான், வயசு 13.

பொனொரோகோ டவுனில் எங்கே திரும்பினாலும் ரேயோக் பொம்மைதான். பெரிய புலித்தலை, அதற்கு மேல் விரிந்த மயில்தோகை. ஐம்பது கிலோ வரை வரும் அந்த முகமூடியை ஆட்டக்காரர் பல்லால் கடித்துத் தூக்கிக்கொண்டு ஆடுவார். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கலை. நாங்கள் போன அன்று ஆட்டம் எதுவும் இல்லை. கோழிக்கறியை நீளவாக்கில் சீவி, கடலைச் சாந்து ஊற்றித் தரும் அந்த ஊர் சாத்தே மட்டும் கிடைத்தது. அதுக்காகவே இன்னொரு முறை போகலாம்.

சரி, பள்ளிக்கு வர்றேன். இந்தோனேசியாவில் இஸ்லாமிய விடுதிப் பள்ளியை பெசாந்த்ரென் என்பார்கள், பொந்தோக் என்றும் சொல்வார்கள். மாணவர்களுக்குப் பெயர் சாந்த்ரி. இந்தச் சொல் சாஸ்திரி என்பதிலிருந்து வந்தது என்று சிலர் சொல்கிறார்கள், தமிழிலிருந்தே வந்தது என்பாரும் உண்டு. பழைய பெசாந்த்ரென்களில் அரபுப் பாட நூலின் வரிகளுக்கு இடையே, அரபு எழுத்திலேயே ஜாவா மொழியில் பொருள் எழுதிக்கொள்வார்கள். அந்த எழுத்துமுறைக்குப் பெயர் பெகோன். நம்ம காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத் தமிழும் இதே வகைதான். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே யோசனை.

கொந்தோர் பள்ளியை 1926-ல் அஹ்மத் ஸஹல், ஜைனுதீன் ஃபனானி, இமாம் ஜர்காஷி என்ற மூன்று சகோதரர்கள் தொடங்கினார்கள். ஏன் தொடங்கினார்கள் என்பதற்கு அங்கே ஒரு கதை சொல்கிறார்கள். அந்த வருஷம் மக்காவில் உலக முஸ்லிம் மாநாடு நடந்தது. யாரை அனுப்புவது என்று முடிவு செய்ய சுரபாயாவில் ஒரு கூட்டம். அரபும் இங்கிலீஷும் இரண்டுமே சரளமாகப் பேசும் ஓர் ஆள் வேண்டும். அத்தனை பெரிய கூட்டத்தில் அப்படி ஒருத்தர்கூட இல்லை. கடைசியில் இங்கிலீஷுக்கு சொக்ரோஅமினோதோ, அரபுக்கு மாஸ் மன்சூர் என்று இரண்டு தலைவர்களை அனுப்ப வேண்டியதாயிற்று. கூட்டத்துக்குப் போயிருந்த அஹ்மத் ஸஹல் மனதில் இந்த விஷயம் தைத்துவிட்டது. இரண்டு மொழியும் ஒரே வாயில் வரும் பிள்ளைகளை நாமே உருவாக்க வேண்டும் என்று ஊர் திரும்பினாராம்.

1936-ல் தம்பி இமாம் ஜர்காஷி சுமத்ராவில் படிப்பை முடித்துவிட்டு வந்து, பள்ளியின் முறையையே மாற்றினார். இலக்கணத்தை மனப்பாடம் செய்து, பொருளைத் தாய்மொழியில் எழுதிக்கொள்ளும் பழைய வழி வேண்டாம், முதல் நாளிலிருந்தே பேசு என்றார். ஆசிரியர் ஒரு பொருளைக் கையில் எடுப்பார், பெயரைச் சொல்வார், வகுப்பு திருப்பிச் சொல்லும். மொழிபெயர்ப்பு கிடையாது. கைலி கட்டிப் படித்த காலத்தில் கால்சட்டை போட்டு, டை கட்டி, காஃபிர் மொழியான இங்கிலீஷையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்ததால் ஊரில் கேலி செய்தார்கள். மாணவர் எண்ணிக்கையும் சரிந்தது. அவர் விடவில்லை. நுர்கோலிஷ் மஜித் போன்ற பெரிய சிந்தனையாளர்கள் படித்து வெளியேறிய இடம் இது. அஹ்மத் ஃபுவாதி என்பவர் தன் கொந்தோர் அனுபவத்தை வைத்து எழுதிய நாவல் 2009-ல் வந்து, 2012-ல் சினிமாவாகவும் ஆனது. அதன் பிறகு இந்தோனேசியாவில் இந்தப் பள்ளியைத் தெரியாத வீடே இல்லை என்கிறாள் தோழி.

நாங்கள் வியாழக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். அங்கே வார விடுமுறை வெள்ளிக்கிழமை. பெற்றோர்கள் தங்குவதற்கு இடம் உண்டு. தலையில் ஷால் போட்டுக்கொண்டு நானும் இன்னொரு அம்மா மாதிரி உட்கார்ந்திருந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை, டீ மட்டும் வந்தது.

விடிவதற்கு முன்னாலேயே மணி. தொழுகை முடிந்ததும் தினமும் புதுச் சொற்கள் கொடுப்பார்கள். ஒரு அண்ணன் முன்னால் நின்று சத்தமாகச் சொல்ல, சின்னப் பையன்கள் திருப்பிக் கத்துவார்கள், பிறகு சட்டைப்பையில் வைத்திருக்கும் குட்டி நோட்டில் எழுதிக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை காலையில் இன்னொன்றும் உண்டு, உரையாடல் பயிற்சி. பாதையில் பையன்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று, ஜோடி ஜோடியாகப் பேசுகிறார்கள். நூற்றுக்கணக்கான ஜோடிகள், எல்லாரும் ஒரே நேரத்தில். காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது. என்ன பேசுகிறார்கள் என்று ஒட்டுக்கேட்டேன். ஒருத்தன் தன் செருப்பு காணாமல் போன கதையைச் சொல்கிறான். இன்னொருத்தன் மீன் குழம்பைப் பற்றிப் பேசுகிறான். உலக சமாதானம் பற்றி யாரும் பேசவில்லை.

அந்தச் சத்தத்தில் யாரும் யாரையும் திருத்த முடியாது. வெட்கப்படவும் நேரம் இல்லை. எனக்குப் பிடித்தது அதுதான்.

அங்கே விதி இதுதான்: புதிதாகச் சேரும் பையனுக்கு முதல் சில மாதம் இந்தோனேசிய மொழி பேச அனுமதி. அதற்குப் பிறகு அரபு அல்லது இங்கிலீஷ் மட்டும், இரண்டும் முறை வைத்து மாறி மாறி வரும். சாப்பாட்டு வரிசை, குளியலறை, கால்பந்து மைதானம் எல்லா இடத்திலும் அதே விதி. வாரத்தில் மேடைப் பேச்சும் உண்டு. அரபு, இங்கிலீஷ், இந்தோனேசிய மொழி மூன்றிலும் நடக்கும், பையன்கள் முறை வைத்து ஏறிப் பேச வேண்டும்.

இப்போது கவனியுங்கள். இவ்வளவும் நடக்கிற இடத்தில் இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டு இந்த முறையை உண்டாக்கியவர் யாரும் இல்லை. மூன்று சகோதரர்களும் ஜாவாக்காரர்கள். இன்றைய ஆசிரியர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் இதே பள்ளியில் ஆறு வருஷம் படித்து முடித்தவர்கள். சொற்களைச் சொல்லித்தரும் அண்ணன்மார்கள் மேல் வகுப்பு மாணவர்கள். நேற்று கற்றுக்கொண்டவன் இன்று சொல்லித்தருகிறான். இப்படியே தொண்ணூறு வருஷமாக ஓடுகிறது.

அதனால் அங்கே பேசும் இங்கிலீஷுக்கு ஒரு தனி வாடை இருக்கும். இந்தோனேசிய வாக்கியத்தை அப்படியே தூக்கிப் போடுவார்கள். ‘தீடாக் அபா அபா’ என்றால் ‘பரவாயில்லை’. அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி ‘நோ வாட் வாட்’ என்று சொல்வது அந்த நாட்டின் பழைய ஜோக். தோழியின் அக்கா மகன் என்னோடு பேசும்போதும் காலமெல்லாம் குழம்பியது, நேற்று போனதும் நாளை போவதும் ஒரே வினைச்சொல்லில் வந்தது. ஆனால் பேச்சு நிற்கவே இல்லை. ஆஸ்திரேலியாவில் கங்காருவை நீங்கள் தொட்டிருக்கிறீர்களா, அது கடிக்குமா, அதைச் சாப்பிடுவார்களா என்று வரிசையாகக் கேட்டான். ஒரு சொல் கிடைக்காதபோது கையை ஆட்டினான், அப்புறம் நோட்டைப் புரட்டினான். என் பதிமூன்று வயதுக்காரியிடம் ஊரிலிருந்து பேசும் தாத்தா போனைக் கொடுத்தால், "ம்", "ஆமா", "நல்லா இருக்கேன்" மூன்றோடு முடிந்துவிடும். அவளுக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் இவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் சொற்களைவிடக் குறைவு இல்லை. தப்பாகப் பேசினால் என்ன ஆகும் என்பதில்தான் வித்தியாசம். இவன் தப்பாகப் பேசினால் எதிரில் நிற்பவனும் தப்பாகவே பதில் சொல்வான். அவள் தப்பாகப் பேசினால் மொத்தக் குடும்பமும் "அய்யோ, எவ்வளவு க்யூட்டா பேசுது பாரு" என்று சிரிக்கும்.

இந்த முறையின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. விதியை மீறினால் மொழி நீதிமன்றம் என்று ஒன்று உண்டு, மேல் வகுப்பு மாணவர்களே நடத்துவது. மாட்டிக்கொண்டவனுக்குப் பட்டம் ‘ஜாசூஸ்’. அரபியில் உளவாளி என்று அர்த்தம். அவன் போய், விதி மீறும் வேறு யாரையாவது கண்டுபிடித்துப் பெயர் எழுதிக் கொடுத்தால்தான் அவனுக்கு விடுதலை. சொல் மனப்பாடம், கட்டுரை எழுதுவது என்று தண்டனைகள், பெரிய மீறலுக்கு மொட்டை. படித்து முடித்துப் போனவர்கள் இதையெல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தமிழ்நாட்டில் இங்கிலீஷ் மீடியம் பள்ளிகளில், தமிழில் பேசியதற்கு ஃபைன் கட்டிய கதையை நம் அம்மா அப்பா சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நண்பனை உளவு பார்க்க வைத்துத்தான் மொழி வளர வேண்டுமென்றால், அந்த மொழி மெதுவாகவே வளரட்டும் என்பது என் கட்சி.

மூத்த பிள்ளைகள் கையில் அதிகாரத்தைக் கொடுக்கும் விடுதிகளில் இதைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் இதே கொந்தோரில் மூத்த மாணவர்கள் தாக்கியதில் ஒரு மாணவர் இறந்துபோனார். மொழி விதி காரணமல்ல, முகாம் சாமான்கள் சம்பந்தப்பட்ட விவகாரம் என்று செய்திகளில் வந்தது. பள்ளி மன்னிப்புக் கேட்டது, வழக்கும் நடந்தது. தோழியின் அக்கா அந்த மாதம் தூங்கவில்லை. அடுத்தடுத்த வருஷங்களிலும் யோசித்து யோசித்துத்தான் மகனை அனுப்பினாள். எந்த நாட்டிலும் பிள்ளையை விடுதிக்கு அனுப்ப நினைக்கிற பெற்றோர், ராத்திரியில் அங்கே பெரியவர் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைக் கேட்க வேண்டும்.

இன்னொரு விஷயம், இது பள்ளியைப் பற்றியது அல்ல, ஜாவாவைப் பற்றியது. ஜாவா மொழியில் மரியாதைக்குத் தனிப் பேச்சே உண்டு. நமக்கு ‘நீ’, ‘நீங்க’ என்று மாறும். அவர்களுக்கு ‘சாப்பிடு’, ‘தூங்கு’, ‘வீடு’ என்று சொற்களே மாறிப்போகும். சமவயதுக்காரர்களிடம் பேசுவது ங்கோக்கோ, பெரியவர்களிடம் பேசுவது க்ரோமோ. நகரத்துப் பிள்ளைகளுக்கு இப்போது க்ரோமோ சரியாக வருவதில்லை. தப்பாகப் பேசி அவமரியாதை ஆகிவிடுமோ என்ற பயத்தில் பாட்டியிடம் இந்தோனேசிய மொழியில் பேசிவிடுகிறார்கள். தன் வீட்டிலும் அதே கதைதான் என்றாள் தோழி. ‘புலிக்’ என்றுதான் அந்தப் பையன் அவளைக் கூப்பிடுகிறான். ‘சின்ன அம்மா’ என்பதன் சுருக்கம் அது, அட்சரம் பிசகாமல் நம்ம சின்னம்மா. கூப்பிடும் சொல் நிற்கிறது, அதற்குப் பின்னால் வரவேண்டிய வாக்கியம் வேறு மொழியில் வருகிறது. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா?

கொந்தோரிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வடகிழக்கே போனால் பாரே என்ற ஊர். கெடிரி மாவட்டம். 1950-களில் க்ளிஃபோர்ட் கீர்ட்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் தங்கி ஆராய்ச்சி செய்து, ஊர்ப் பெயரை ‘மொஜொகுத்தோ’ என்று மாற்றி எழுதினாரே, அந்த ஊர்தான். இன்று இந்தோனேசியா முழுக்க அதை ‘கம்போங் இங்க்ரிஸ்’ என்கிறார்கள், இங்கிலீஷ் கிராமம். அதைத் தொடங்கியவர் காலெண்ட் ஓசென். காலிமந்தான் தீவிலிருந்து கொந்தோருக்குப் படிக்க வந்தவர், ஐந்தாம் ஆண்டில் பணம் இல்லாமல் படிப்பை விட்டவர். பல மொழி தெரிந்த அஹ்மத் யாஜித் என்ற மார்க்க ஆசிரியரைத் தேடி பாரேக்கு வந்து சேர்ந்தார். ஒரு நாள் சுரபாயாவிலிருந்து இரண்டு கல்லூரி மாணவர்கள், இங்கிலீஷ் பரீட்சைக்குத் தயாராக வேண்டும் என்று யாஜித்தைத் தேடி வந்தார்கள். அவர் ஊரில் இல்லை. அவர் மனைவி, அந்தப் பிள்ளையிடம் போய்க் கேளுங்கள் என்று காலெண்டைக் கைகாட்டினார். பட்டம் கிடையாது, படிப்பே பாதியில் நின்றவர். ஐந்து நாள் மூவரும் மசூதித் திண்ணையில் உட்கார்ந்து படித்தார்கள். மாணவர்கள் பாஸ். செய்தி பரவியது. 1977 ஜூனில் பயிற்சி நிலையம் தொடங்கினார். இன்று அந்த ஒரு பகுதியில் நூற்றுக்கும் மேல் நிலையங்கள் இருக்கின்றன.

அங்கே இரண்டு நாள் சுற்றினோம். தெரு முழுக்க வாடகை சைக்கிள். மாதத்தில் 10-ம் தேதி, 25-ம் தேதி என்று புது வகுப்புகள் தொடங்கும். ஊர்க்காரர்கள் வீட்டு அறைகளை மாணவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள், அதில் ‘கேம்ப்’ என்ற வீடுகளில் வாசல்படிக்கு உள்ளே இங்கிலீஷ்தான். மீறினால் சின்ன அபராதம். வாசலைத் தாண்டிவிட்டால் உங்கள் இஷ்டம். கொந்தோரின் இரும்புக் கட்டு இங்கே இல்லை. ஒரு கேம்பில் சமையலுக்கு வந்த அம்மாவிடம் ஒரு பெண் ‘இன்னும் கொஞ்சம் சாம்பல் வேணும்’ என்று இங்கிலீஷில் கேட்க, நான் ஒரு நிமிஷம் திகைத்தேன். அவர்கள் ஊரில் சாம்பல் என்றால் மிளகாய்த் துவையல்! அந்த அம்மாவும் இங்கிலீஷிலேயே ‘முடிஞ்சு போச்சு’ என்றார்.

இந்தப் பயணத்தில் எனக்குப் புரிந்ததை நம்ம வீட்டுக் கணக்கில் சொன்னால் இப்படி வரும். நம்ம பிள்ளைகளும் ஒரு விடுதிப் பள்ளியில்தான் இருக்கிறார்கள். அந்தப் பள்ளிக்குப் பெயர் ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி. காலை எழுந்ததிலிருந்து தூங்கும்வரை வேற்றுமொழி, ஜாசூஸ்கூடத் தேவையில்லை, விளையாட்டுத் தோழர்கள் போதும். வாரத்துக்கு இரண்டு மணி நேரத் தமிழ் வகுப்பு அதை எதிர்த்து நின்று ஜெயிக்காது, ஜெயிக்கவில்லையே என்று ஆசிரியர்களைக் குறை சொல்வதும் நியாயமில்லை. கொந்தோரில் வகுப்பறைக்கு வெளியேதான் மொழி வளர்கிறது. செருப்புத் தொலைந்த கதையைச் சொல்ல ஒரு பொழுது, அதைக் கேட்க ஒரு கூட்டாளி, அந்த நேரத்தில் பெரியவர்களையும் கட்டும் ஒரு விதி. இந்த மூன்றும் இருந்தால், சொல்லித்தருபவர் இலக்கண சுத்தமாகப் பேச வேண்டும் என்ற அவசியமே அங்கே இல்லை.

பெரியவர்களையும் கட்டும் விதி என்பதுதான் கஷ்டம். பிள்ளையை மட்டும் "தமிழ்ல பேசு" என்று சொல்லிவிட்டு நானும் வீட்டுக்காரரும் வீட்டுக் கடனைப் பற்றி இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தால் எப்படி? வீட்டுக் கடனைத் தமிழில் பேசிப் பாருங்கள், சிரமம் தெரியும்.

திரும்பி வந்ததும் பக்கத்து இரண்டு தமிழ்க் குடும்பங்களோடு சேர்ந்து ஒன்று தொடங்கியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை எங்கள் வீட்டு வாசல்படிக்கு உள்ளே தமிழ். ஏழு பிள்ளைகள். பாடம் கிடையாது, பெரியவர்கள் யாரும் திருத்தக் கூடாது, சிரிக்கக் கூடாது, அபராதமும் இல்லை. பெரிய பிள்ளைகள் மூன்று பேரும் வாரம் ஒருவராக, சின்னவர்களுக்கு அஞ்சு சொல் சொல்லித்தர வேண்டும். தனக்கே தெரியாத சொல்லைத் தாத்தாவிடம் போன் போட்டுக் கேட்கலாம். இதுதான் எதிர்பார்க்காத லாபம், சனிக்கிழமை ராத்திரி என் மகள் தானாகவே கோயம்புத்தூருக்கு போன் போடுகிறாள். போன வாரம் அவள் முறை. ‘ஸ்க்ரூடிரைவர்’ என்பதற்குத் தாத்தா ‘திருப்புளி’ என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். எனக்கே தெரியாத சொல். அவள் அதைச் சின்னவர்களுக்குச் சொல்ல, ஆறு வயசுப் பையன் ஒருத்தன், "திருப்பற புளியா? சாம்பார்ல போடறதா?" என்று கேட்டான். யாரும் சிரிக்கக் கூடாது என்பது விதி. ரொம்பக் கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டோம். என் வீட்டுக்காரர் மட்டும் சமையலறைக்குள் ஓடிவிட்டார்.